கேள்விகளை முன்கூட்டியே அனுப்புங்கள்

வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்து தரும் நிறுவனங்கள் சென்னையில் பல உள்ளன. இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் வெளியாகும் மருத்துவ, பொறியியல் இதழ்களின் கட்டுரைகள் இங்குள்ள மேசைகளில் செம்மை செய்யப்பட்டு, பக்கமாக்கப்பட்டு, கட்டுரையாளர்களின் பார்வைக்குத் திரும்பிப் போகின்றன. அத்தகைய ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எனக்கு ஆட்டிசத்தின் ஒரு வடிவமான ஆஸ்பெர்கர் நிலையும் அதனோடு சேர்ந்தே இருக்கும் பதற்ற நோயும் உண்டு. இதே நிலையில் உள்ள படித்த இளைஞர்கள், வேலையைச் செய்யும் ஆற்றல் முழுமையாக இருந்தும், நேர்காணல் அறையைத் தாண்ட முடியாமல் வீட்டில் அடைந்துகிடப்பதை அடிக்கடி கேள்விப்படுகிறேன். அதனால்தான் எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது, எதனால் நிலைத்தது என்பதை எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவ மீளாய்வுக் கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட ரெஃபரன்ஸ்கள், அதாவது சான்றாகக் காட்டும் பிற கட்டுரைகளின் விவரங்கள், இருப்பது சாதாரணம். வான்கூவர் முறையைப் பின்பற்றும் இதழ் என்றால், அவை உரையில் முதலில் வரும் வரிசையிலேயே எண்ணிடப்பட்டிருக்க வேண்டும். 14க்குப் பிறகு 17 வந்து, 15 இரண்டு பக்கம் தள்ளித் தலைகாட்டினால் அங்கேயே நிறுத்தி வரிசையைச் சீராக்க வேண்டும். எண்ணுக்குப் பதிலாக ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் தரும் ஹார்வர்டு முறை என்றால், உரையில் 2008 என்று இருக்கும் ஆண்டு பட்டியலில் 2009 ஆகியிருக்கும். அல்லது கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் டிஓஐ எண் முற்றிலும் வேறொரு கட்டுரைக்கு இட்டுச்செல்லும். எது சரி என்று நாமாக முடிவு செய்யக் கூடாது; கட்டுரையாளருக்குக் கொயரி, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பு, எழுத வேண்டும். இதழுக்கு இதழ் விதிகள் மாறும் என்றாலும், ஒவ்வொரு விதியும் எங்கோ எழுதிவைக்கப்பட்டிருக்கும். பலருக்குச் சலிப்பூட்டும் இந்த வேலையில் எனக்கு ஆழ்ந்த நிறைவு கிடைக்கிறது. பிழை தானாகவே என் கண்ணில் படுகிறது. பட்ட பிறகு அதைக் கடந்து போக மனம் இடம் தருவதில்லை.

இந்த வேலைக்கு ஆளெடுக்கும் நேர்காணலோ இந்த வேலையோடு எந்தத் தொடர்பும் இல்லாதது. நான் போன வாக்-இன் நேர்காணல்கள் அனைத்திலும் முதல் கேள்வி "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான். எதைப் பற்றி, எவ்வளவு நேரம், யாருக்குப் பயன்படும் வகையில் என்ற எல்லை எதுவும் இல்லாத கேள்வி அது. மற்றவர்கள் அந்த எல்லையைக் கேட்பவரின் முகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு முகத்தைப் பார்த்தால் சொற்கள் கலைகின்றன. சொற்களைக் கோத்துக்கொண்டிருந்தால் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. கண்ணைப் பார்த்துப் பேசாதவரிடம் தன்னம்பிக்கை இல்லை, அல்லது அவர் எதையோ மறைக்கிறார் என்று மனிதவளத் துறையினர் எண்ணிக்கொள்கிறார்கள். குழு விவாதம் இதைவிடக் கடினம். ஒருவர் பேசி முடிக்கும் அந்த அரை நொடி இடைவெளியைப் பிடித்து உள்ளே நுழைபவருக்கே அங்கே மதிப்பெண். நாள் முழுதும் தனியாக அமர்ந்து ஃபைல் பார்க்கும் ஒரு பணிக்கு ஆளெடுக்க இந்தத் திறன் எதற்கு என்று நான் இன்றும் வருத்தத்தோடு கேட்கிறேன்.

இப்போது இருக்கும் நிறுவனத்தில் வரிசை மாறியிருந்தது. முதலில் எழுத்துத் தேர்வு வைத்தார்கள்: பிழைகள் நிறைந்த ஒரு கட்டுரை, ஒரு நடைக் கையேடு, அமைதியான ஓர் அறை. என் விடைத்தாளைத் திருத்தியவர்களே என்னைச் சந்தித்தார்கள். அவர்களின் கேள்விகள் எல்லாம் அந்தத் தாளைப் பற்றியே இருந்தன. அந்தத் தாள் மேசையில் இருந்ததால் நானும் அவர்களும் அதையே பார்த்துப் பேச முடிந்தது. டென்மார்க்கில் தோர்க்கில் சோன்னே என்பவர், தன் மகனுக்கு ஆட்டிசம் இருப்பது தெரிந்த பிறகு, 2004இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்னே நிறுவனம் இதைத்தான் ஒரு கொள்கையாகவே செய்தது. நேர்காணலுக்குப் பதிலாக, ஆட்டிசம் உள்ள விண்ணப்பதாரர்களை லெகோ ரோபோக்களை வடிவமைக்கச் சொல்லி, அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்து ஆளெடுத்தது. 2013இல் ஜெர்மானிய மென்பொருள் நிறுவனமான சாப் (SAP), ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கத் தனித் திட்டம் தொடங்கியபோது, அதன் தொடக்க இடங்களில் இந்தியாவும் ஒன்று. ஆகவே இது நம் நாட்டுக்குப் புதிய செய்தியும் அல்ல, எட்டாத செய்தியும் அல்ல. வேலை தேடுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விண்ணப்பிக்கும்போதே மாதிரிப் பணி ஒன்றைச் செய்து காட்ட வாய்ப்புக் கேளுங்கள். பல நிறுவனங்களுக்கு அதில் மறுப்பே இருப்பதில்லை.

வேலை கிடைப்பதைவிட அது நிலைப்பது கடினம். இதற்கு முன் நான் இருந்த இடத்தில் என் ஃபைல்களில் தரத்தைச் சோதிக்கும் கியூசி பிரிவு குறை கண்டது மிக அரிது. ஆனால் ஆண்டு மதிப்பீட்டில் "டீமோடு ஒட்டுவதில்லை" என்ற வரி தவறாமல் வந்தது. அங்கே வேலை சொல்லப்பட்ட விதம் "பார்த்துச் செஞ்சிடுங்க", "கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிடுங்க" என்பதாக இருந்தது. கொஞ்சம் என்றால் ஒரு மணி நேரமா, மாலைக்குள்ளா? கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக நினைத்தார்கள்; கேட்காவிட்டால் எனக்குள் கணக்கு ஓடத் தொடங்கியது. பதற்றம் இயங்கும் விதம் அதுதான். விடை தெரியாத ஒரு சிறு கேள்வி பத்துக் கேள்விகளாகப் பெருகும், மார்பு இறுகும், அதுவரை எளிதாக இருந்த ரெஃபரன்ஸ் பட்டியலில் ஒரு வரியைப் பலமுறை படித்தும் பொருள் ஏறாது. வேகம் குறையும், அதைப் பார்த்து யாராவது ஒருவர் இன்னொரு முறை சீக்கிரம் என்பார். இதன்மேல், தேநீர் வேளையில் மற்றவர்களைப் போலச் சிரித்துப் பேச நாள் முழுதும் செய்யும் முயற்சியும் சேர்ந்தது. எந்த நேரத்தில் சிரிக்க வேண்டும், எப்போது பேச்சை முடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்பவருக்கு மாலையில் வீட்டாரோடு பேசக்கூடத் தெம்பு இருப்பதில்லை. உடல் ஒத்துழைக்காத நிலை வந்தபோது அந்த வேலையிலிருந்து விலகினேன். மனநல மருத்துவரிடம் சென்றதும், எனக்கு இருப்பதன் பெயர் தெரிந்ததும் அதன் பிறகுதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் ஆஸ்பெர்கர் நிலையை ஆட்டிச நிறமாலைக்குள் சேர்த்துவிட்டதால், என் அறிக்கையில் ஆட்டிசம் என்றே எழுதப்பட்டுள்ளது. மருந்து பதற்றத்தின் உச்சத்தைத் தணித்தது. பதற்றம் பிறக்கும் இடத்தை மாற்ற மருந்தால் முடியவில்லை.

அந்த இடத்தை மாற்றியவர் இப்போதைய டீம் லீட் அம்மையார். நான் சேர்ந்த புதிதில், ஒரே கேள்வியை வேறு வேறு விதமாக அவரிடம் கேட்டுக்கொண்டு நின்றதைக் கவனித்துவிட்டு, "இனிமே எதுவா இருந்தாலும் மெயில்ல எழுதி அனுப்பிடறேன், எத்தனை மணிக்கு வேணும்னும் போட்டுடறேன். வாய்ல சொன்னது எதையும் நீங்க மனசுல வெச்சுக்க வேண்டாம்" என்றார். என் நோயின் பெயர் அப்போது அவருக்குத் தெரியாது. அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பல ஏற்பாடுகள் வந்தன. முதுகுக்குப் பின்னால் யாரும் நடமாடாதபடி சுவர் ஓர இருக்கை. ஹெட்ஃபோனுக்கு அனுமதி. கேன்டீன் நிறைவதற்கு முன்பே சாப்பிடப் போகலாம். ஷிஃப்ட் மாறுவதாக இருந்தால் முந்தைய வாரமே தகவல். வாரம் ஒரு முறை, சேர்த்துவைத்த கேள்விகளை எல்லாம் கேட்க அவரோடு சிறிது நேரம். இவற்றில் எதற்கும் நிறுவனத்துக்குச் செலவில்லை. எழுதி அனுப்பும் பழக்கத்தை அவர் பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கினார். அவசரமாக முடிக்க வேண்டிய ரஷ் ஃபைல் வரும் நாட்களில் யார் எதை முடிக்க வேண்டும் என்ற குழப்பம் மற்றவர்களுக்கும் குறைந்தது.

நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று பலர் தவிக்கிறார்கள். பெயரைச் சொல்லும் முன் தேவையைச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து. "எனக்கு ஆட்டிசம்" என்றால் கேட்பவர் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு குழந்தையை நினைத்துக்கொள்கிறார். "வேலையை எழுதித் தந்தால் பிழையின்றி முடித்துத் தருவேன்" என்றால் எழுதித் தருகிறார். ஆனாலும் சட்டத்தை அறிந்துவைத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டின் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் அதுவும் ஒன்று. அரசுப் பணிகளில் உள்ள 4 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் 1 விழுக்காடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்துப் பொதுவாக உள்ளது. தகுந்த மாற்று ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்று பணி தொடர்பான 20ஆம் பிரிவு கட்டாயப்படுத்துவது அரசு நிறுவனங்களை மட்டுமே; தனியார் நிறுவனங்கள் 21ஆம் பிரிவின்படி சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், கேட்பது உரிமை. சான்றிதழுக்குப் பயன்படும் 40 கூறுகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் குழந்தைகளை மனத்தில் கொண்டு அமைந்தது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. தனியே பேருந்தில் வந்து, சம்பளம் வாங்கும் ஒருவர், அதற்காக அன்றாடம் தரும் விலை அதில் பதிவாவது கடினம்.

இன்னும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. நம் அலுவலகங்களில் உயர்வு என்றால் ஆட்களை நடத்தும் பொறுப்பு என்றே ஆகிவிட்டது. நல்ல காப்பி எடிட்டர் டீம் லீட் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதே சம்பளத்தில் நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பை எனக்குத் தர முன்வந்தபோது, விடுப்புத் தகராறுகளையும் தொலைபேசி அழைப்புகளையும் என்னால் தாங்க முடியாது என்று எழுத்திலேயே தெரிவித்து, அதற்குப் பதிலாகச் சிக்கலான ஃபைல்களை எனக்குத் தரும்படி கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள்; ஊதிய உயர்வு மட்டும் டீம் லீட்களுக்குக் கிடைப்பதில் பாதிதான். ஆழமான திறனுக்கும் ஒரு படிநிலை வேண்டும் என்று ஒவ்வொரு மதிப்பீட்டிலும் எழுதிவருகிறேன். இனியும் எழுதுவேன்.

இப்போது புதியவர்களின் எழுத்துத் தேர்வுத் தாள்களைத் திருத்தும் பணியும் என்னிடம் இருக்கிறது. நேர்காணலில் கேட்கப்போகும் கேள்விகளை முந்தைய நாளே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்றும், விரும்பினால் விடைகளை எழுதிக் கொண்டுவரலாம் என்று அதிலேயே தெரிவிக்க வேண்டும் என்றும் மனிதவளத் துறையிடம் கோரினேன். காப்பி எடிட்டிங் பிரிவுக்கு மட்டும் இசைந்திருக்கிறார்கள். பக்கமாக்கும் பேஜினேஷன் பிரிவுக்கான கோரிக்கைக் கடிதத்தை டீம் லீட் அம்மையாரோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.