உம்மாவின் சர்க்கரைக் கருவியும் பதினெட்டாம் வாய்ப்பாடும்

கோலாலம்பூரிலிருந்து விடுமுறையில் கீழக்கரை வந்த காக்கா (என் அண்ணன்), உம்மாவுக்கென்று சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். மறுநாள் காலை பசியாறுவதற்கு முன்பே விரலைக் குத்திப் பார்த்தோம். திரையில் 9.4 என்று வந்தது. "ஒன்பதுதானா? எனக்கு அப்படியொன்றும் இல்லை என்று அன்றைக்கே சொன்னேனே!" உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைய தேநீரில் சீனி ஒரு கரண்டி கூடியது.

மலேசியாவில் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்கிறார்கள். நம் டாக்டர்கள் எழுதுவது மில்லிகிராம் கணக்கு. மலேசிய எண்ணை 18-ஆல் பெருக்கினால்தான் நம் எண் கிடைக்கும். ஆக, வெறும் வயிற்றில் 169. விஷயம் புரிந்ததும் உம்மா சீனி டப்பாவைத் தானாகவே மேல் தட்டில் ஏற்றிவிட்டார்.

கூட வந்த பத்து ஸ்ட்ரிப்பும், அதாவது ரத்தத் துளியை வைக்கும் பட்டைகளும், ஒரு வாரத்தில் தீர்ந்தன. கீழக்கரைக் கடைகளில் அந்த ஸ்ட்ரிப் இல்லை. பஸ் ஏறி ராமநாதபுரம் போய்ப் பெரிய மருந்துக் கடையில் கேட்டேன். கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கருவி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, ஆனால் இதற்கு இங்கே தீனி கிடைக்காது" என்றார். ஒரு கருவியின் ஸ்ட்ரிப்பை இன்னொன்றில் செருக முடியாது என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அங்கேயே இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று 500 ரூபாய், பார்க்கவும் அழகு. ஆனால் 50 ஸ்ட்ரிப் 1,150 ரூபாய். மற்றது 800 ரூபாய், 25 ஸ்ட்ரிப் கூடவே வரும்; அதன் பிறகு 50 ஸ்ட்ரிப் 700 ரூபாய். கருவியை ஒருமுறைதான் வாங்குகிறோம், ஸ்ட்ரிப்பை ஆயுளுக்கும் வாங்க வேண்டும். தினம் இரண்டு முறை பார்த்தால் மாதம் 60 ஸ்ட்ரிப். முதலாவதில் 1,380 ரூபாய், இரண்டாவதில் 840. இரண்டாவதை வாங்கினேன். நம் ஊர்க் கடையில் அதன் ஸ்ட்ரிப் இருக்கிறதா என்று போனில் கேட்ட பிறகுதான் பணத்தை எடுத்தேன். ஒருமுறை சூடு பட்டாயிற்றே.

தினம் இரண்டு முறை என்பது நாங்களாகப் போட்ட கணக்கு. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். மாத்திரை மட்டும் சாப்பிடும் உம்மாவுக்கு வாரம் நான்கு முறை போதும், இரண்டு வெறும் வயிற்றில், இரண்டு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்றார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை மட்டும் விட்டுவிடக் கூடாது என்றார். மாத்திரை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஸ்ட்ரிப்தான் கைக்காசு, அதுவும் மாதம் 250 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் கருவிக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 700 ரூபாய்ப் பெட்டிக்கு ஏறக்குறைய 44 ரூபாய் மிச்சம். கடைக்காரர் பழைய விலையையே சொன்னார். நினைவூட்டிய பிறகு குறைத்துக்கொண்டார்.

பணத்தை விட அதிகம் படுத்தியது கடற்காற்று. உம்மா பத்துப் பதினைந்து ஸ்ட்ரிப்பை டப்பாவிலிருந்து எடுத்து, கைக்கு எட்டும்படி மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்திருந்தார். உப்பே கசிந்து தண்ணீராகும் ஊரில் அவை என்ன ஆகும்? இரண்டு பிழை காட்டின, ஒன்று 90, அடுத்தது 240. அத்தனையும் குப்பைக்குப் போயின. இப்போது ஸ்ட்ரிப் அதன் டப்பாவிலேயே இருக்கிறது. ஒன்றை எடுத்ததும் மூடியை அழுத்தி மூடுகிறோம். எங்கள் ஸ்ட்ரிப்பைத் திறந்த மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று டப்பாவில் இருப்பதால், திறந்த தேதியை மூடியில் எழுதிவிடுகிறேன்.

காக்கா கோலாலம்பூர் திரும்புவதற்கு முந்தைய நாள், அவருக்காக உம்மா தொதல் இனிப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அப்படியே வந்து விரலை நீட்டினார். 312! "அல்லாஹ் அறிய வாயில் வைக்கவில்லை" என்றார். விரல் நுனி எண்ணெயும் பாகுமாக மினுமினுத்தது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் பார்த்தோம்: 174. பாவம், உம்மா சொன்னது உண்மைதான்.

நோன்பு வந்ததும் அடுத்த கேள்வி: குத்தினால் நோன்பு முறியுமா? முறியாது என்று ஆலிம் சொன்ன பிறகே உம்மா விரலைக் கொடுத்தார். 70-க்குக் கீழே போனால் சூரியன் மறையும் மஃரிபு நேரத்துக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மாதம் ஸ்ட்ரிப் கூடுதலாகத்தான் செலவானது.

போன வாரம் காக்கா போனில், அங்கே இன்னும் நல்ல கருவி வந்திருப்பதாகச் சொன்னார். "கருவியெல்லாம் வேண்டாம் மகனே, இரண்டு மைலோ டப்பா வாங்கி வா" என்றார் உம்மா. மைலோ பானத்தில் சீனி இருக்கிறதே! நான் போனை வாங்கிக்கொண்டேன்.