கவுண்டன்யாவில் புதுத்தண்ணி

ஐப்பசி 20, ஞாயிறு

விடியுமுன் மாமாவோடு குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணைக்குப் போனேன். அணை நிரம்பி மெல்லிசாக வழிகிறது. கீழே கவுண்டன்யா ஆற்றில் ஒரு மடு. அங்கேதான் எங்கள் தெப்பம். தெப்பம் என்றால் லாரி டியூப்பின்மேல் கட்டிய பலகை, அவ்வளவுதான். மாமாவுக்கு லுங்கித் தறி ஓட்டிப் பழகிய கை. துடுப்பை இடம் வலம் மாற்றும்போது தண்ணீரில் சத்தமே எழாது. நான் போட்டால் தெப்பம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. "கையால தள்ளாதடா, இடுப்பத் திருப்பு" என்றார். மதியத்துக்குள் கொஞ்சம் பிடிபட்டது.

மண்புழுவுக்கு மூன்று ஜிலேபி மீன், ஒரு கெளுத்தி. கெளுத்தி முள் குத்தி ராத்திரிவரை விரல் கடுத்தது.

ஐப்பசி 27, ஞாயிறு

இன்று தக்கை அமுங்கியதும் இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி. தூண்டில் முள்ளைக் கழற்ற வாயைத் திறந்தால் உள்ளே மஞ்சளாக முட்டைகள்! இந்தத் தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், குஞ்சு நீந்தும்வரை சரியாகச் சாப்பிடக்கூடச் செய்யாது. நம் ஊர் மீனும் இல்லை. ஆப்பிரிக்காவில் பிறந்த இனம், 1952-ல் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாட்டுக்கெண்டைக்கு இடமில்லாமல் செய்துவிட்டது என்று மாமாவுக்கு அதன்மேல் கோபம் உண்டு. ஆனாலும் "விட்ருடா" என்றார். விட்டேன். பாதி முட்டை ஏற்கெனவே என் கையில் ஒட்டியிருந்தது. மனசு கேட்கவில்லை.

பத்து மணி வாக்கில் காய்ந்த இலையும் நுரையும் சேர்ந்து மிதந்து வந்தன. தெளிவாக இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. எங்கள் தலைக்குமேல் வெயில்தான், ஒரு துளி மழையில்லை. மாமா தூண்டிலைச் சுருட்டிவிட்டார். "பலமனேர் மலையில ராத்திரி ஊத்தியிருக்கு. கரையேறு."

தெப்பத்தை இழுத்துக்கொண்டு மேலே வந்து பார்த்தால், தூக்குச்சட்டி வைத்திருந்த பாறையைக் காணோம். நல்லவேளை, சட்டியை மாமா முதலிலேயே எடுத்திருந்தார்.

இந்த அணையின் உயரம் 11.5 மீட்டர், பிடிப்பது சுமார் 261 மில்லியன் கன அடி. வலது, இடது கால்வாய்களுக்கு மதகு உண்டு. ஆற்றுக்கு அப்படி இல்லை. நிரம்பினால் தானாக வழியும், யாரும் திறந்துவிட வேண்டியதில்லை. ஆந்திர மலையில் பெய்வது அப்படியே நம் காலடிக்கு வந்துவிடும். 2021 நவம்பரில் குடியாத்தத்தில் ஆற்றோரத் தெருக்களுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவன் நான். இருந்தும் இன்று இலையைப் பார்த்தேன், அது சொன்னது புரியவில்லை.

ஐப்பசி 29, செவ்வாய்

மழை. ஆற்றுப் பக்கம் போகவில்லை.

கார்த்திகை 4, ஞாயிறு

தெப்பம் வேண்டாம் என்று முடிவு. ஓரத்தில் ஒரு வாய்க்கால் ஆற்றில் வந்து விழுகிற இடத்தில் உட்கார்ந்தோம். புதுத்தண்ணியை எதிர்த்துப் பொடிக் கெண்டை மீன் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு முழக் கல்லைத் தாண்டத் துள்ளும், சரியும், மறுபடி துள்ளும். வயிறெல்லாம் சினை. வலையோடு வந்த இரண்டு பையன்களிடம் மாமா ரொம்ப நேரம் பேசினார். ஒருவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான். இன்னொருவன் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கல்லைத் தாண்டிய மீன்களை எண்ண ஆரம்பித்தான். நாற்பதைத் தாண்டியபோது தூறல் பிடித்தது.