ஐந்துக்குப் பதிலாக ஏழு

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் பகுதியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைக் கணித ஆசிரியராக வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளின் முதல் இடைப்பருவத் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது, மொத்த மதிப்பெண்ணைவிட நான் அதிகம் தேடுவது தவறு நடந்த வரியைத்தான். அப்படி ஒரு வரியில் தொடங்கியதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மெய்ப்பகுதி 3, கற்பனைப் பகுதி 4. இந்தக் கலப்பெண்ணின் மட்டு, அதாவது இரண்டு பகுதிகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி எடுக்கிற வர்க்கமூலம், என்ன என்பது கேள்வி. ஒரு பையன் சூத்திரத்தைச் சரியாக எழுதியிருந்தான். அடுத்த வரியில் √(9 + 16) என்றும் சரியாகவே எழுதியிருந்தான். அதற்கடுத்த வரி, 3 + 4 = 7. சரியான விடை 5.

மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குக் ‘கலப்பு எண்கள் பாடம் இவனுக்கு ஏறவில்லை’ என்று தோன்றும். ஆனால் அந்தப் பாடம் அவனுக்கு ஏறியிருந்தது. மட்டு என்றால் என்ன, எதை வர்க்கப்படுத்த வேண்டும், எங்கே கூட்ட வேண்டும் எல்லாம் தெரிந்திருந்தது. சறுக்கியது ஒன்பதாம் வகுப்புப் படியில். அதே தாளில் வேறு இரண்டு இடங்களும் கண்ணில் பட்டன. (எக்ஸ் + 3)² என்பதை எக்ஸ்² + 9 என்று விரித்திருந்தான். சைன் (ஏ + பி) என்பதை சைன் ஏ + சைன் பி என்று பிரித்திருந்தான். மூன்று பாடங்கள், மூன்று சிவப்புச் சுழிகள். உற்றுப் பார்த்தால் மூன்றும் ஒரே தவறு. அடைப்புக்குள் கூட்டல் இருந்தால், வெளியே நிற்பது எதுவானாலும் அதை இரண்டு உறுப்புக்கும் பங்கு போட்டுவிடலாம் என்று நம்புகிறான்.

அவனைக் கூப்பிட்டு, திட்டாமல், ‘இந்த ஏழு எப்படி வந்தது மக்களே?’ என்று கேட்டேன். ‘ரூட்டு ரெண்டுக்கும் உள்ளதுதானே சார்?’ என்றான். நல்ல பதில் அது. ஏழாம் வகுப்பில் 2(எக்ஸ் + 3) என்றால் உள்ளே இருக்கிற இரண்டு உறுப்பையும் 2ஆல் பெருக்கச் சொன்னோம், அது சரி. பிறகு √(9 × 16) என்றால் 3 × 4 என்று எழுதச் சொன்னோம், அதுவும் சரி. அந்த உரிமை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை மட்டும் யாரும் அவனிடம் நிறுத்திச் சொல்லவில்லை. இரண்டு உண்மைகளிலிருந்து அவனாகவே ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டான். யோசிக்காத பிள்ளைக்கு இந்தத் தவறு வராது.

இந்த மாவட்டத்தில் படிப்பில் தடுமாறுவது ஒரு பிள்ளைக்குக் கூடுதல் சுமை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம், 91.75 சதவீதம். பெருமைதான். ஆனால் தெருவுக்குத் தெரு ஓர் ஆசிரியரும் ஒரு நர்ஸும் இருக்கிற ஊரில், ‘கணக்கு வரவில்லை’ என்று சொல்வதைப் பிள்ளைகள் குற்றத்தை ஒப்புக்கொள்வது போல நினைக்கிறார்கள். அதனால் கேட்காமலே எழுதி எடுத்துக்கொள்கிறார்கள். அவனுடைய டியூஷன் நோட்டைப் பார்த்தேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, அவ்வளவு அழகு. இப்போதெல்லாம் அடித்தல் இல்லாத நோட்டைக் கண்டால்தான் எனக்குக் கவலை வருகிறது. பிள்ளை தானாக யோசித்த ஒரு வரிகூட அதில் இருக்காது.

அவன் அம்மா ஒருநாள் பள்ளிக்கு வந்தார். அப்பாவுக்கு ரப்பர் வெட்டு. விடியும் முன்னே பையனும் கூடப் போய் ஒரு கை கொடுத்துவிட்டு, குளித்துப் பேருந்தைப் பிடித்து வருகிறவன். ‘சாரே, இவனைக் காமர்ஸில் சேர்த்திருந்தா தப்பிச்சிருப்பானோ?’ என்று கேட்டார். வணிகக் கணிதத்திலும் இதே அடைப்பும் வர்க்கமும் வரும், இடம் மாறினால் இந்தக் குறை தீராது என்று சொன்னேன். காலை வேலையைத் தேர்வு வரைக்கும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். மழைக்காலத்தில் வெட்டு இல்லாத நாட்கள் அதிகம், அப்போது முழுக்கப் படிக்கட்டும் என்றார். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் என்பதால், அது சின்னச் சலுகை இல்லை.

சரி, பழைய ஓட்டையை எப்படி அடைப்பது? எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து திரும்பத் தொடங்கு என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதினேழு வயதுப் பையன் கையில் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால், பக்கத்துப் பெஞ்சுக்காரன் பார்க்கிறானா என்பதில்தான் அவன் கவனம் இருக்கும். நேரமும் கிடையாது. பன்னிரண்டு அத்தியாயங்கள், மார்ச்சில் பொதுத்தேர்வு. பழைய குறையை இன்றைய கணக்குக்குள்ளேயே சரிசெய்துவிட வேண்டும் என்பதுதான் இத்தனை வருட வேலையில் நான் வந்து சேர்ந்த முடிவு.

அதற்கு நான் கற்றுக்கொடுப்பது ஒரே ஒரு பழக்கம். சந்தேகம் வந்தால் எண்ணைப் போட்டுப் பார். √(9 + 16) ஏழா? உள்ளே கூட்டினால் 25, மூலம் 5. தீர்ந்தது. சைன் (30° + 60°) என்பது சைன் 90°, அதாவது 1. தனித்தனியாகக் கூட்டினால் 0.5 + 0.866, ஒன்றைத் தாண்டிவிட்டது. எந்தக் கோணத்துக்கும் சைன் ஒன்றைத் தாண்டாது, ஆகவே பிரித்தது தப்பு. 1/(2 + 3) என்பதை 1/2 + 1/3 என்று பிரித்தால், ஐந்தில் ஒரு பங்கு ஆறில் ஐந்து பங்காகிவிடும். இதைப் பார்த்தபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. ஆசிரியர் சுழித்துக் காட்டுகிற தவறை மறுநாளே மறந்துவிடுகிறார்கள். தாங்களே எண் போட்டுக் கண்டுபிடித்த தவறு தங்கிவிடுகிறது. அப்புறம் அவன் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன எண்கள் வரத் தொடங்கின. அடித்தல்களும் வந்தன. எனக்குப் பெரிய நிம்மதி.

இன்னொன்றும் செய்தேன். வகுப்பு தன் வரிசையில் போய்க்கொண்டிருக்க, அவனுக்கு மட்டும் மாலையில் கடைசி அத்தியாயத்தைத் தொடங்கினேன். பன்னிரண்டாவது பாடம், தனிநிலைக் கணிதம். மெய்மை அட்டவணை, ஈருறுப்புச் செயலி, அடைவுப் பண்பு, சமனி, எதிர்மறை. இந்தப் பாடத்துக்குப் பழைய பாக்கி அநேகமாகக் கிடையாது. வகைக்கெழுவோ தொகையிடலோ முக்கோணவியலோ வேண்டாம். வரையறையை ஒழுங்காகப் படித்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பத் தெரிந்தால் முழு மதிப்பெண். கடைசிப் பாடம்தான் கடினமாக இருக்கும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள், பலருக்கும் அதுதான் எளிய வாசல். ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றை முதல்முறையாக யார் துணையும் இல்லாமல் முடித்துவிட்டு, ‘இது சரியா சார்?’ என்று கேட்காமல், ‘இது சரி சார்’ என்று நீட்டினான்.

இங்கே தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. தொண்ணூறில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 20, அதன் பிறகு இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் பகுதிகளில் ஏழு ஏழு. புத்தகத்துப் பின்பக்க ஒரு மதிப்பெண்களையும் சில ஐந்து மதிப்பெண் கணக்குகளையும் மனப்பாடம் செய்து 35 எடுத்துவிடலாம். ஜனவரியில் என்னிடம் வரும் பிள்ளைக்கு நானும் அதைத்தான் சொல்வேன், அதில் தயக்கமில்லை. தேர்ச்சி பெறுவது அந்தக் குடும்பத்துக்கு அவசியம். ஆனால் ஜூனிலேயே ஒரு பிள்ளையைப் பார்த்து ‘உனக்கு இது போதும்’ என்று மனப்பாடத் தாளைக் கையில் கொடுப்பது அநியாயம். அவனுக்கு யோசிக்க எட்டு மாதம் இருக்கிறது.

ஏழாவது அத்தியாயம், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் வந்தபோது, புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். கன்னியாகுமரி வள்ளுவர் சிலை. பீடம் 38 அடி, அதன் மேல் சிலை 95 அடி, மொத்தம் 133. அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், குறளுக்கு 133 அதிகாரம் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடம். பீடத்தின் அடிமட்டத்தில் நம் கண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரொம்பக் கிட்டே போனால் அண்ணாந்து பார்க்கவேண்டும், சிலை குறுகித் தெரியும். ரொம்பத் தள்ளிப் போனாலும் சிறிதாகிவிடும். எவ்வளவு தூரத்தில் நின்றால் சிலை கண்ணுக்குள் மிகப் பெரிய கோணத்தில் விழும்?

இரண்டு ஏற்றக் கோணங்களின் வித்தியாசம்தான் வேண்டிய கோணம். டேன் கழித்தல் சூத்திரத்தைப் போட்டால், தூரம் எக்ஸ் என்றால், அதன் டேன் 95எக்ஸ்/(எக்ஸ்² + 5054) என்று வரும். 5054 என்பது 38ஐ 133ஆல் பெருக்கியது. உச்சம் எங்கே என்று கண்டுபிடிக்க வகுப்பு வகைக்கெழு எடுக்கத் தொடங்கியது. இவன் எடுக்கவில்லை. நோட்டின் ஓரத்தில் எண் போட்டுக்கொண்டிருந்தான். 50 அடிக்கு 0.629. 100 அடிக்கு 0.631. 70 அடிக்கு 0.668. எழுந்து, ‘ஏறி இறங்குது சார், எழுபது பக்கத்தில எங்கேயோ உச்சி இருக்கு’ என்றான். அதன் பிறகுதான் வகைக்கெழு எடுத்தான். எக்ஸ்² = 5054. ஏறக்குறைய 71 அடி. விடை எங்கே இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்ததால், வகுத்தல் விதியில் குறி மாறிய இடத்தை அவனே பிடித்துத் திருத்திக்கொண்டான்.

முதல் வரிசைப் பெண் ஒருத்தி 38, 95, 133 மூன்றுமே 19ஆல் வகுபடும் என்று கவனித்தாள். ஆகவே துல்லியமான விடை 19√14. அத்தனை நாளும் பார்த்துப் பழகிய சிலைக்குள் 2 : 5 : 7 என்று ஒரு விகிதம் இருந்திருக்கிறது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும், சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பையன் பொதுத்தேர்வில் அறுபதைத் தாண்டினான். பெரிய கட்-ஆஃப் இல்லை. விருப்பப்பட்டு பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்திருக்கிறான். அந்தச் சிலைக் கணக்கை அவன் விடவில்லை. படகில் வருகிறவருடைய கண் பீடத்தின் அடிமட்டத்தில் இருக்காதே, பாறையே கடலைவிட உயர்ந்துதானே நிற்கிறது என்று கேட்டான். பாறையின் உயரத்தை எச் என்று வைத்து, (எச் + 38)ஐ (எச் + 133)ஆல் பெருக்கி மூலம் எடுக்கவேண்டும் என்று தானே கொண்டுவந்தான். எச்சுக்குப் பூச்சியம் போட்டுச் சரிபார்த்திருந்தான், 71 வந்தது. அடுத்து அவன் கேட்டது, விவேகானந்தர் பாறையையும் சிலையையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நின்று பார்த்தால் எப்படி என்று. பாலத்தின் தளம் பீடத்தின் அடியைவிட எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது, சிலைப் பக்கம் அது முடிகிற இடம் எவ்வளவு தூரம், இரண்டும் தெரிந்தால் போடலாம் என்றேன். அளவெடுக்க அனுமதி வாங்க முடியுமா என்று இரண்டு பேரும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.