போலீஸ் மேல கேஸ்னா எந்த கோர்ட்டு?

திருவாடானை கோர்ட்ல வக்கீல் குமாஸ்தாவா இருக்கேன், பதினாறு வருஷம் ஆச்சு. தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணைன்னு கடற்கரைப் பக்கமிருந்து வர்றவங்க என்கிட்ட அதிகமா கேட்ட கேள்வி, "போலீஸ் மேல கேஸ் போட தனி கோர்ட்டு எங்கண்ணே இருக்கு?"

தனி கோர்ட்டு கிடையாதுங்க. நமக்கு எதுவோ அவங்களுக்கும் அதேதான். அடிதடி, காயம்னா அந்த எல்லை மாஜிஸ்திரேட் கோர்ட், கொலைன்னா அதுக்கு மேல இருக்கிற செஷன்ஸ் கோர்ட். 2014ல எஸ்.பி.பட்டினம் ஸ்டேஷனுக்குள்ளயே ஒரு இளைஞர் குண்டடிபட்டு செத்தப்போ சிபிசிஐடி விசாரிச்சு ராமநாதபுரத்துலதான் கேஸ் நடந்துச்சு. 2020 சாத்தான்குளம் கேஸ் சிபிஐ கைக்குப் போனதால மதுரை கோர்ட்டு, சிபிஐ வக்கீலு.

ஆனா கேஸை யாரு நடத்துறாங்கங்கிறதுலதான் எனக்கு மனசு ஆறல. போலீஸே எஃப்ஐஆர் போட்டு சார்ஜ் ஷீட் கொடுத்தா மாஜிஸ்திரேட் கோர்ட்ல ஏபிபி, அதாவது அங்க இருக்கிற அரசு வக்கீல்தான் நடத்துவார். அவரை நான் தப்பு சொல்லல, ஆனா தினமும் காலைல அந்த ஸ்டேஷன் கோர்ட் ஏட்டு கேஸ் கட்டைத் தூக்கிட்டு வந்து நிக்கிறது அவர் ரூம்லதான், இதை ஒரு ஏழைத் தாய் வராண்டாவுல உக்காந்து பார்த்துட்டே இருக்கா. போலீஸ் இல்லாம நாமளே நேரா கோர்ட்ல தனிநபர் புகாரா போட்டா நம்ம வக்கீலே நடத்தலாம், ஆனா அது கொலைக் கேஸாகி செஷன்ஸுக்கு கமிட் ஆச்சுன்னா, அதாவது அங்க அனுப்பிட்டாங்கன்னா, அரசு வக்கீல் பிபிதான் நடத்துவார், நம்மாளு பக்கத்துல நின்னு உதவி பண்ணலாம், அவ்ளோதான்.

கருவாடு விக்கிற ஒரு அம்மா, சம்பவம் நடந்து பதினோராவது மாசம் வந்தாங்க. மகனை ராத்திரி தூக்கிட்டுப் போயி விடிய விடிய அடிச்சிருக்காங்க. ஜெயிலுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ரிமாண்டுக்காக கொண்டு வந்தப்போ மாஜிஸ்திரேட் "போலீஸ் அடிச்சாங்களா"ன்னு கேட்டிருக்கார், பையன் பின்னாடி நின்ன ஆளைத் திரும்பிப் பார்த்துட்டு "இல்லைங்கய்யா"ன்னுட்டான். ஆஸ்பத்திரியில காயத்தைப் பதியிற ஏஆர் காப்பியில வழுக்கி விழுந்ததா எழுதியிருக்கு. ஜெயில்ல சேர்க்கும்போது டாக்டர் எழுதுன காயக் குறிப்பு ஒன்னுதான் மிச்சம். சாதாரண காயத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட்டுக்கு வந்துடணும், அதனால ராத்திரியோட ராத்திரியா டைப் அடிச்சு ஃபைல் பண்ணோம்.

அப்புறம் சேங்ஷன், அதாவது அதிகாரி மேல கேஸ் நடத்த அரசாங்கத்தோட முன் அனுமதி வாங்குற பிரச்சனை வந்துச்சு. அரசாங்கம் மட்டுமே வேலையைவிட்டு நீக்க முடியிற அதிகாரிக்குத்தான் அந்த முன் அனுமதின்னு சட்டத்துல இருக்கு, அதுவும் ட்யூட்டியோட சம்பந்தப்பட்ட செயலா இருக்கணும். இருந்தும் எதிர்த்தரப்பு முதல் வாய்தாவுலயே அதைத்தான் தூக்கிப் போட்டாங்க. 2024 ஜூலையில வந்த புது சட்டத்துல 120 நாளைக்குள்ள அரசு முடிவு சொல்லலைன்னா அனுமதி கொடுத்த மாதிரின்னு வச்சிருக்காங்க, அது நல்ல விஷயம்னு நினைக்கிறேன். அந்தம்மா இன்னும் வாய்தாவுக்கு வந்துட்டுதான் இருக்காங்க, அன்னிக்கு யாவாரம் கிடையாது.

அதுக்கப்புறம் ரிமாண்டுக்கு யாரைக் கொண்டு வந்தாலும் வீட்டு ஆளுங்களைத் தனியா கூப்பிட்டு, "அடிச்சிருந்தா அய்யாகிட்ட இப்பவே சொல்லச் சொல்லுங்க, அவர் எழுதிக்குவார்"னு சொல்லிடுறேன். போன வாரம் ஒரு பையனோட அக்காகிட்ட சொன்னேன். உள்ள போனவன் முதல்ல பேசாமத்தான் நின்னான், அப்புறம் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான்.