எனோஷிமாவில் எட்டுக் கைகளோடு கலைவாணி

பையனுக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. அம்மா ஊரில் இருந்தபடியே கலைவாணியிடம் வேண்டிக்கொண்டார்: "பேச வைத்துவிடு தாயே, உன் முன்னால் கொண்டு வந்து நிறுத்துகிறேன்." பேச்சு வந்தது. ஆனால் வேலையை விட்டு எங்களால் ஊருக்குப் போக முடியவில்லை. எங்களைப் பார்க்க அம்மா டோக்கியோ வந்தபோது, இங்கே சரஸ்வதிக்கு பென்சைட்டென் என்று பெயர், கடலோரத்தில் எனோஷிமா தீவில் இருக்கிறாள் என்றேன். "அப்போ அங்கேயே முடிச்சிடலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்க முடியாதது. பாலம் தாண்டியதுமே தெருவை அடைத்துக்கொண்டு ஆக்டோபஸ் அப்பளத்துக்கு வரிசை. சாமி கும்பிட வந்தவர்களுக்கு வழியே இல்லை. போதாததற்குப் பருந்துகள்! பையன் கையிலிருந்த ரொட்டி ஒரே பாய்ச்சலில் போய்விட்டது, குழந்தை நடுங்கிப்போனான். அம்மாவின் முழங்காலுக்கு 1959-ல் போட்ட எஸ்கலேட்டர்தான் துணை. அதுவும் மேலே ஏற மட்டும்தான், காசு கொடுத்து ஏற வேண்டும்.

தல வரலாறு கேட்டால் சிலிர்க்கும். குழந்தைகளை விழுங்கிவந்த ஐந்து தலை டிராகன் இந்தக் கரையை நடுங்க வைத்திருந்தது. 552-ல் கடல் கொந்தளித்துத் தீவு எழும்ப, வானிலிருந்து அம்பாள் இறங்கினாள். அவளை மணக்க ஆசைப்பட்ட டிராகன் கொடுமையை விட்டுத் திருந்தியது. 1868-ல் ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவையும் பௌத்தத்தையும் அரசு பிரித்த பிறகு இது ஷின்டோ கோயில். சூரிய தேவி அமத்தெராசு, தன் தம்பி சுசானோவின் வாளை மென்று ஊதியபோது பிறந்த மூன்று சகோதரிகள்தான் இப்போது மூலவர்கள். தீவில் ஆளுக்கொரு சன்னதி.

முதல் சன்னதியான ஹெட்சுமியாவில் தகிட்சுஹிமே. அவளைக் கும்பிட்டுவிட்டுப் பக்கத்து எண்கோண மண்டபத்துக்குள் போனோம். அங்கேதான் நம் தாய், எட்டுக் கைகளோடு. மினமோட்டோ நோ யோரிடோமோ என்ற சாமுராய்த் தலைவர் 1182-ல் எதிரியை வெல்ல வேண்டி இந்தத் தீவில் எழுந்தருளச் செய்தது இந்த எட்டுக் கை அம்பாளைத்தான். "இவ மகாசரஸ்வதிடா" என்றார் அம்மா. தேவி மாகாத்மியம் பாராயணம் செய்பவர்களுக்குத் தெரியும், மூன்றாம் சரிதத்தின் தியானத்தில் வருகிறவளுக்கும் எட்டுக் கைதான். வீணைக்கு உறவான பீவாவோடு பக்கத்திலேயே இன்னொரு திருவுருவம்.

"சொல்லு கண்ணா" என்றார். ஒரு சொல்லுக்காக எத்தனை இரவு அழுதிருப்போம்! அந்தப் பிள்ளை கைகூப்பி, "சரஸ்வதி நமஸ்துப்யம்" என்று தொடங்கித் திக்காமல் முழுவதும் சொன்னான். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். எனக்கு எதிரே எதுவும் தெரியவில்லை. தாயே, நீ கொடுத்த வாக்கு இது, உனக்கே திருப்பிச் சொன்னோம்.

அப்புறம் மற்ற இரண்டு சன்னதிகளான நகட்சுமியா, ஒகுட்சுமியாவுக்கும் போனோம், எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடலோரக் குகைக்கு இறங்க அம்மாவால் முடியவில்லை, அதைப் பற்றி அவருக்குக் குறையும் இல்லை. வேண்டுதல் உள்ளவர்கள் வார நாளில் போங்கள், அவள் முன்னால் ஆற அமர நிற்கலாம்.