ஷாலட்டின் பின்பக்க அறை

கல்லூரி நினைவு எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா பற்றியெல்லாம் எழுத ஆட்கள் இருப்பார்கள். எனக்கு ஜேன் ஒஸ்ரினின் ஆங்கில நாவலில் வரும் ஷாலட் லூக்காஸைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது. உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுத்த எங்கள் சின்னக் கூட்டத்துக்கு அவள் எங்கள் வகுப்பில் இருந்தவள் மாதிரியே.

எண்பதுகளின் யாழ்ப்பாணம். ஜேன் ஒஸ்ரினின் 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' தொடங்கிய நாளில் எங்கள் மிஸ் காதலைப் பற்றி வாயே திறக்கவில்லை. கரும்பலகையில் கணக்கு எழுதினார். பென்னெற் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுண். கதாநாயகன் டார்சிக்கு 10,000. கதாநாயகி எலிசபெத் உட்பட பென்னெற்றின் ஐந்து பெண்பிள்ளைகளுக்கும் தாய் இறந்த பிறகு ஆளுக்கு 1,000. நூற்றுக்கு நாலு வட்டியில் ஆண்டுக்கு 40 பவுண். "இந்த நாப்பதை மறந்துபோட்டு ஒருத்தரும் எலிசபெத்தைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டாம்."

பென்னெற் குடும்பத்தின் லோங்போர்ன் வீடும் காணியும் ஆண் வாரிசுக்கே சேரும்படி கட்டிவைக்கப்பட்டவை. தகப்பன் கண்ணை மூடினால் தூரத்துச் சொந்தக்காரன் கொலின்ஸுக்குப் போய்விடும். எங்களுக்கு இது பிடிபடவில்லை. 1707இல் ஒல்லாந்தர் எழுதித் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையிலேயே சீதனம் பெண்ணின் சொத்து. வீடு என்றாலே பெண்பிள்ளைக்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். "பெட்டையள் அஞ்சு பேர் இருக்கேக்க வீடு எப்பிடி மிஸ் ஆரோ ஒருத்தனுக்குப் போகும்?" என்று ஒருத்தி எழும்பிக் கேட்டாள். மிஸ் சிரித்தார். "அப்ப மாப்பிள்ளை வீட்டார் உங்கட வீட்டுக்கு வரேக்க கிணத்தையும் மதிலையும் ஏன் சுத்திப் பாக்கினம்?"

எலிசபெத் மறுத்த கொலின்ஸை அவளுடைய தோழி ஷாலட் மூன்று நாளைக்குள் ஏற்றுக்கொள்கிறாள். ஷாலட்டுக்கு வயது 27. சேதி கேட்டதும் அவள் வீட்டில் நடப்பதை ஒஸ்ரின் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போவார். அக்கா கிழவியாகும்வரை கல்யாணமில்லாமல் இருந்துவிடுவாளோ என்ற பயம் தம்பிமாருக்குத் தீர்கிறது. தங்கைமாருக்குத் தாங்கள் ஓரிரண்டு வருடம் முந்தியே கல்யாண வயதுப் பெண்களாக விருந்து, நடனம் என்று சபைக்கு வரலாம் என்ற ஆசை. தாயோ பென்னெற் இன்னும் எத்தனை வருடம் உயிரோடிருப்பார் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறாள்! இதற்குப் பிறகும் ஷாலட் தானே தீர்மானித்தாள் என்று எப்படிச் சொல்வது?

வகுப்பில் பெரும்பாலும் எல்லாரும் எலிசபெத் கட்சிதான். கடைசி வாங்கில் ஒருத்தி இருந்தாள், மூன்று தங்கைகளுக்கு மூத்தவள். அவள் மட்டும் கேட்டாள்: "எலிசபெத்துக்குப் பிறகு டார்சி வருவார் எண்டு எங்களுக்குத் தெரியும். ஷாலட்டுக்கு ஆர் வருவினமெண்டு ஆர் சொன்னது?" லண்டன், கனடா மாப்பிள்ளைக்குப் படம் அனுப்பி, பேச்சு முடிந்து, சோதனை எடுக்காமலே பிளேன் ஏறியவர்கள் எங்கள் வகுப்பிலும் உண்டு. ஒருவரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

மிஸ்ஸும் சொல்லவில்லை. கொலின்ஸ் பாதிரியாராக இருக்கும் ஹன்ஸ்போர்ட் ஊரில் நடக்கும் அத்தியாயங்களைப் புரட்டச் சொன்னார். கல்யாணமான ஷாலட் பகலில் இருக்கத் தெரிந்தெடுத்தது வீட்டின் பின்பக்க அறை. சாப்பாட்டு அறை அதைவிடப் பெரியது, பார்க்கவும் வடிவு. ஆனால் அங்கே இருந்தால் கொலின்ஸ் தெருப்பக்கத்துத் தன் அறையை விட்டு அடிக்கடி வந்துவிடுவார். தோட்டவேலை உடம்புக்கு நல்லதென்று சொல்லி அவரை வெளியே அனுப்பவும் அவளுக்குத் தெரியும். அவர் அசட்டுத்தனமாக எதையாவது சொன்னால் பெரும்பாலும் காதில் விழாததுபோல் இருந்துவிடுவாள். ஓரிரு தடவை முகம் இலேசாகச் சிவந்ததை எலிசபெத் கண்டுவிடுகிறாள். பாவம் என்று அவளைத் தள்ளிவிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. கொடுக்கவேண்டிய விலையைத் தெரிந்துகொண்டு கொடுத்தவள் அவள்.

ஒஸ்ரினுக்கும் இப்படி ஒரு இரவு வந்தது. 1802 டிசம்பரில், 27 வயதாகச் சில நாட்கள் இருக்க, பெரிய பண்ணை வாரிசு ஒருவர் பெண் கேட்டார். மாலையில் சம்மதித்தவர் காலையில் மறுத்துவிட்டார். கல்யாணம் கட்டவேயில்லை. இந்த நாவலின் உரிமையை 110 பவுணுக்கு விற்றார். 1813இல் அது வந்தபோது முகப்பில் அவர் பெயர் இல்லை.

ரொறன்ரோவில் குளிர்காலத்தில் திரும்ப வாசிக்கும்போது என் கோபமெல்லாம் பென்னெற் மேல்தான். மகன் பிறப்பான், அவனை வைத்துச் சொத்துக்கட்டை அவிழ்க்கலாம் என்று நம்பி ஒரு சதமும் சேர்க்காமல் விட்ட மனிசன், நூலகத்துக்குள் இருந்து பகிடி விடுகிறார். பெண்பிள்ளைகளின் தெரிவுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதவைத்த மிஸ், அவரைப் பற்றி ஒரு கேள்வியும் தரவில்லை. அவருடைய பகிடிகளுக்கு நாங்களும் விழுந்து விழுந்துதான் சிரித்தோம்.