கென்டக்கில கேட்ட கரிச்சுரங்கப் பாட்டு

அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனுக்கு வந்த புதுசுல எனக்கு வேலையே ஜன்னல் வழியா பார்க்கிங்ல நிக்கிற காரை எண்றதுதான். வீட்டுக்காரருக்கு இங்க ப்ராஜெக்ட், எனக்கு டிபென்டென்ட் விசா, வேலைக்குப் போக முடியாது, கார் ஓட்டத் தெரியாது, கடைக்குப் போகணும்னா கூட அவரு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். வேற வழியில்லாம ட்ரைவிங் கத்துக்கிட்டேன். நாங்க வாங்குன பழைய கார்ல ரேடியோ மட்டும்தான், எந்தப் பக்கம் திருப்பினாலும் கன்ட்ரி பாட்டு. ஆரம்பத்துல எல்லாம் ஒரே பாட்டு மாதிரிதான் இருந்துச்சு, ட்ரக்கு, நாய், பீர், திரும்ப ட்ரக்கு.

ஒருநாள் கடை வாசல்ல காரை நிறுத்துறப்ப ஒரு பொம்பளக் குரல், ‘கோல் மைனர்’னு காதுல விழுந்துச்சு. பாட்டு முடியிற வரைக்கும் இறங்கவே இல்ல.

கன்ட்ரி பாடகி லொரெட்டா லின் எழுதிப் பாடின ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’, கரிச்சுரங்கத் தொழிலாளியோட மக. கிழக்கு கென்டக்கி மலைக்குள்ள புட்சர் ஹாலோன்னு ஒரு குக்கிராமம், அங்க பொறந்தவங்க, எட்டுப் பிள்ளைங்கள்ல ரெண்டாவது. அப்பா ராத்திரி முழுக்க வான் லியர் சுரங்கத்துல கரி அள்ளிட்டு பகல்ல சோளக்காட்டுல களை கொத்துவாராம், அம்மாவுக்குத் துணி துவைச்சுத் துவைச்சே விரல்ல ரத்தம் வருமாம், பன்னி வித்த காசுலதான் குளிர்காலத்துக்குப் பிள்ளைங்களுக்கு ஷூவாம். இதையெல்லாம் அழுது வடியாம நாங்க இப்படித்தான் வளந்தோம்னு நிமிந்து பாடுறாங்க. 1970ல வந்த பாட்டு. அந்த அப்பா 1959லயே இறந்துட்டாரு, பாட்டைக் கேக்கவே இல்ல, அதுதான் எனக்கு என்னமோ பண்ணுச்சு.

ஏன்னா எங்கப்பாவும் கரி அள்ளுனவருதான். நெய்வேலி பக்கம் கிராமம். எங்க ஊர்ல சுரங்கம்னா மலையைக் குடையிறதெல்லாம் கிடையாது, திறந்தவெளி, மேல இருந்து பாத்தா பெரிய பள்ளம், கீழ போற லாரி தீப்பெட்டி மாதிரி தெரியும். அப்பா கான்ட்ராக்ட் ஆளு, பெல்ட்ல இருந்து கீழ கொட்டுற கரியை மம்முட்டியால அள்ளிப் போடணும். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து பழைய சோத்தைக் குடிச்சிட்டு நேரா முந்திரித் தோப்புக்குப் போயிடுவாரு. காது மடிப்புல எப்பவும் பழுப்புத் தூள் இருக்கும், எவ்வளவு தேச்சாலும் போகாது, அம்மா துண்டு நுனியை முறுக்கி எடுத்து விடுவாங்க. என் காலேஜ் ஃபீஸுக்கு ரெண்டு கெடா போச்சு. நான் என்ன பண்ணேன், காலேஜ்ல யாரு கேட்டாலும் “அப்பா நெய்வேலில வேலை பாக்குறாரு”ன்னு மட்டும் சொல்லி நிறுத்திக்குவேன், எல்லாரும் பர்மனென்ட், குவார்ட்டர்ஸ்ல இருக்காங்கன்னு நினைச்சுப்பாங்க, நானும் திருத்த மாட்டேன். நாலு வருஷம்.

இங்க பக்கத்து வீட்டுத் தாத்தா கிழக்கு கென்டக்கிக்காரரு. உங்கப்பா என்ன பண்றாருன்னு கேட்டாரு, கோல் மைன்லன்னு சொன்னேன், எதுவும் ஒளிக்காம சொன்னது அதான் முதல் தடவ. மனுஷன் சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. அவங்கப்பாவும் மைனராம், நுரையீரல்ல தூசி அடைச்சுப் போயிட்டாராம். மறுநாள் அவங்க வீட்டுச் சோள ரொட்டி வந்துச்சு. (இனிக்காத சோள ரொட்டி, மோருக்கு நல்லா இருந்துச்சு.) லொரெட்டா ஊரை ‘ஹாலோ’ன்னு சொன்னா டூரிஸ்ட்டு, ‘ஹாலர்’னு சொல்லணும்னும் அவருதான் திருத்துனாரு.

போன வாரம் லொரெட்டா வளந்த வீட்டைப் பாக்க நானே ஓட்டிட்டுப் போனேன், ரெண்டு மணி நேரத்துக்கு மேல. கடைசில ரோடு ஒடுங்கி ஒடுங்கி, எதிர்ல வண்டி வந்தா யாரு ஒதுங்குறதுன்னு பயம். பலகை வீடு, முன்னாடி ஒரு திண்ணை, அவ்வளவுதான். அங்கிருந்தே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன், ஊர்ல ராத்திரி ஒன்பது மணி, சாப்பிட்டு முடிச்சு கட்டில்ல இருந்தாரு. கதையெல்லாம் சொல்லி வீட்டைச் சுத்திக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கூரை, தூண், திண்ணைன்னு ரொம்ப நேரம் பாத்தாரு.

“ஏம்மா, அந்தப் பொண்ணோட அப்பா பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?”